துடக்கு நாளில் பூத்தட்டு

என் மகள் கனடாவிலிருந்து எனக்கு விதித்த தண்டனை, நாளொன்றுக்கு ஒரு படம். ஓராண்டு முழுவதும் என்னை நானே படமெடுத்து, அன்றன்று எடுத்ததை அன்றன்றே குடும்பக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உடுப்பிட்டி வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினர் எவரிடமாவது கொடுத்துவிட்டு அவளிடம் போய்ச் சேர வேண்டும். தவறாவிட்டால், தனியே வாழும் தகுதி எனக்கு உண்டென்று அவள் ஒப்புக்கொள்வாள்; பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். என் மனைவி இறந்த நாள்முதல் நடந்த இழுபறி இப்படி ஓர் உடன்படிக்கையில் வந்து நின்றது.

"தனிய இருக்கிறியள், அப்பா. விழுந்து கிடந்தாலும் எங்களுக்குத் தெரியாது."

"விழுந்தா எழும்புவன், பிள்ளை."

"அப்ப எழும்பினதுக்கு ஒரு படம் அனுப்புங்கோ."

நான் ஊரைவிட்டுப் போக மறுத்ததற்குக் காரணம் ஒன்றே. எங்கள் பிள்ளையார் கோயிலில் மாலைப் பூசை முடிவில் பதிகம் ஓதுபவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இடம் என்னுடையது. என் குரல் இனியதென்று எவரும் சொன்னதில்லை. உரத்தது என்று சொல்வார்கள். கனடாவிலும் கோயில் உண்டு, குளிர் புகாத மண்டபம் உண்டு, ஓதுவதற்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் கூட்டமும் உண்டு என்று மகள் ஆசை காட்டினாள். வரிசையில் நின்று இறைவனைப் பாட எனக்கு மனம் வரவில்லை. அது பக்தியா, பழக்கமா, செருக்கா என்று எவரேனும் கேட்டால், மூன்றாவதே பெரும்பங்கு என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் மாதத்துப் படங்களில் என்னைவிட என் வீட்டுக் கூரையே மிகுதியாக இடம்பெற்றது. சிலவற்றில் ஒரு காது. சிலவற்றில் மூக்கின் இரு துளைகளும் அவற்றுக்குப் பின்னால் மங்கலாக நானும். நாளடைவில் கை தேர்ந்தது. கை தேர்ந்ததும் புத்தி கெட்டது. இவ்வுடல் நிலையாதது, நாற்றம் பொதிந்த பை என்று மாலையில் கண்ணீர் மல்க ஓதிவிட்டு, மறுநாட் காலையில் அந்தப் பைக்கு எந்தச் சன்னல் வெளிச்சம் எடுப்பாக இருக்கும் என்று ஆராய்ந்தேன். சால்வையை இடப்பக்கம் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் போட்டால் கழுத்துச் சுருக்கம் மறைகிறது என்று கண்டேன். இறைவன் எனக்கு எழுபத்தெட்டு வயதுவரை அளித்திருந்த அறிவு இதற்குத்தான் பயன்பட்டது.

குழுவில் இருந்தோர் இருபதுக்கு மேல். நான்கு கண்டங்களில் பரந்து வாழும் அச்சுற்றம் என் படங்களை எதிர்கொண்ட வேகம் வியப்புக்குரியது. அவுஸ்திரேலியாவிலுள்ள, தங்கை வழி மருமகனின் பாராட்டு, படம் போய்ச் சேருமுன்னரே வந்துவிடுகிறதோ என்று ஐயுற்றேன். ஒருநாள் சோதிக்க எண்ணி, கொல்லையில் விளைந்த பூசணிக்காய் ஒன்றைப் படமெடுத்து முதலில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சுப்பர் மாமா! நல்லா உடம்பு தேறியிருக்கிறியள்." அடுத்து மூவர் கும்பிட்ட கைகளை அனுப்பினர். மகள் மட்டும் எழுதினாள்: "பூசணி வடிவு. நீங்கள் எங்கை அப்பா?"

அந்தக் குழுவில் கண் உள்ளவள் அவள் ஒருத்திதான் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வேறு பாடம் கற்றேன். இவர்கள் எவரும் பார்ப்பதில்லை என்று முடிவுகட்டினேன்.

அதன் விளைவாக ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பூத்தட்டும் கையுமாக நின்று, ஒரே மூச்சில் பன்னிரண்டு படங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். என் வேட்டி என்றும் வெள்ளை, சால்வையும் வெள்ளை, முகமும் நாளுக்கு நாள் மாறும் முகமன்று. மழைக்காலத்துக்கு விறகு அடுக்குவதுபோல அடுக்கிய படங்கள் அவை. சோம்பல் மிகுந்த இரண்டு நாட்களில் இரண்டை அனுப்பினேன். இரண்டும் பாராட்டுப் பெற்றன.

அவ்வாண்டின் எட்டாம் மாதத்தில் என் பெரியப்பாவின் மகன் இலண்டனில் காலமானார். ஒரு வேலி எல்லைக்காகச் சண்டையிட்டு நாற்பது ஆண்டுகளாக நாங்கள் முகம்பார்த்துக் கதைத்ததில்லை. பேச்சு அறுந்தாலும் துடக்கு அறுவதில்லை. பங்காளி வீட்டுச் சாவென்றால், அது கடல் கடந்த சாவானாலும், முப்பத்தொரு நாள் நாம் கோயிற் படி மிதிக்கக் கூடாது. மிதித்தால் கோயிலுக்கே தீட்டு. உயிரோடிருந்தபோது என் முற்றத்துக்கு வராத மனிதர், இறந்த பின் என்னைக் கோயிலுக்குப் போகவிடாமல் தடுத்துவிட்டார். நான் வீட்டிலிருந்தபடி வாய்க்குள் ஓதிக்கொண்டேன். கோயிலில் அந்நாட்களில் பதிகத்தை ஒலிபெருக்கியில் போட்டார்களாம். "வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை அண்ணை, யோசிக்காதேங்கோ" என்று கோயில் தர்மகர்த்தா தொலைபேசியில் எனக்கு ஆறுதல் சொன்னார்.

துடக்கின் ஒன்பதாம் நாள் விடியற்காலையில் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் இடக்கால் கணுவுக்கு மேல் பனங்காய்போல் வீங்கிற்று. சுவரைப் பிடித்து, கதிரையைப் பிடித்து, ஒருவாறு கட்டிலை அடைந்தேன். எட்டு மணி ஆயிற்று. படம் அனுப்ப வேண்டும். படுத்தபடி எடுத்தால் மகள் கேட்பாள். வலியில் முகம் கோணியிருந்தது, அதையும் கேட்பாள். மூக்குக்கண்ணாடியோ கிணற்றடியில் கிடந்தது. கைத்தொலைபேசியில் பழைய படங்களுக்குள் மங்கலாகத் தெரிந்த வெள்ளை வேட்டிகளில் ஒன்றை விரலால் தொட்டு அனுப்பிவிட்டுக் கண்ணை மூடினேன்.

இலண்டன் விழித்தெழும் நேரம் எங்களுக்கு நண்பகல். தொலைபேசி அதிர்ந்து கட்டிலிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் குழு முழுவதும் நெருப்பு. நான் அனுப்பிய படத்தில் கோயில் வாசல், கோபுரம், நிறைந்த பூத்தட்டு, அதற்குமேல் என் சிரிப்பு. இறந்தவரின் மகள் எழுதியிருந்தாள்: "அப்பான்ரை துடக்கு உங்களுக்குத் துடக்கில்லையோ சித்தப்பா? வேலிச் சண்டை இன்னும் முடியேல்லையோ?" முதல் வாரத்திலேயே உணவகமொன்றில் பிறந்தநாள் கேக் வெட்டிய படத்தை இதே குழுவில் போட்டவள் அவள். தாம் துடக்குக் காக்காத சுற்றத்தார் அனைவரும் என் துடக்கைக் காக்க ஒன்றுதிரண்டனர்.

பின்னேரம் தர்மகர்த்தாவே வந்துவிட்டார். படம் இலண்டன் வழியாக அவருக்கும் போயிருந்தது. படலையைத் திறந்து வந்தவர் கட்டில் அருகே கதிரையை இழுத்துப் போட்டார்.

"அண்ணை, துடக்குக்குள்ளை கோயிலுக்கு வந்தனீங்களோ?"

"வரேல்லை."

"படத்திலை நிக்கிறியளே."

"காலமை கோயில் திறந்தது ஆர்?"

"நான்தான்."

"என்னைக் கண்டனீரோ?"

"காணேல்லை. அதுதான் எனக்கும் அதிசயமாக் கிடக்கு." தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆனா இந்தா, நிக்கிறியள். ஐயர் தீட்டுக் கழிக்கச் சாந்தி செய்ய நாள் பாக்கிறார். துடக்குக்காரர் உள்ளுக்குப் போன கோயில் எண்டு சனம் கதைக்கத் தொடங்கியிட்டுது. இனிமேல் உங்களைப் பதிகம் ஓத விட்டா என்னைத்தான் கேப்பினம்."

தன் இரு கண்களால் வாசலைக் காவல் செய்த மனிதர், அந்தக் கண்களை நம்பாமல் என் தொலைபேசியை நம்பினார். நான் சிரித்திருப்பேன், ஆனால் என் நிலைமை சிரிப்பதற்குரியதாக இல்லை. அந்தப் படம் இன்றையது என்று இருக்கவிட்டால், வீடு எனக்கு மிஞ்சும். ஆனால் கோயிலுக்குத் தீட்டுச் செய்தவன் என்ற பெயருடன் நான் இனி அங்கே வாய் திறக்க முடியாது. பழைய படம் என்று சொன்னால், கோயிலில் என் பெயர் பிழைக்கும். ஆனால் மகளுடன் செய்த உடன்படிக்கை உடைந்து நான் ஊரைவிட்டே போக வேண்டும். எப்படியானாலும் பதிகம் ஓதுவது முடிந்தது. மிச்சமிருந்த கேள்வி, யாரிடம் பொய்யனாக இருப்பது என்பதே.

குழுவில் எழுதினேன்: "அந்தப் படம் பழையது. நான் கோயிலுக்குப் போகவில்லை."

சுற்றம் பெருமூச்சு விட்டது. "அப்பாடா, கோயில் தப்பியிட்டுது!" என்றார் ஒருவர். "நல்ல காலம் மாமா!" என்றான் அவுஸ்திரேலியா மருமகன். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. தர்மகர்த்தாவும் அதை என் தொலைபேசியில் வாசித்துவிட்டு, படம் சொன்னதைப் படமே மறுத்ததுபோல் நிம்மதியுடன் எழுந்து போனார். கால் மேல் போர்த்தியிருந்த ஈரத்துணியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மாலையில் மகள் அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அப்ப இண்டைக்கு ஏன் படம் எடுக்கேல்லை?"

நான் ஈரத்துணியை இழுத்துக் காலை மூடினேன்.

"எங்கை விழுந்தனீங்கள், அப்பா?"

"கிணத்தடியிலை."

"எந்தக் கால்?"

"இடக்கால். வீக்கம்தான். ஒண்டுமில்லை, பிள்ளை."

"விழுந்ததுக்கு எனக்குக் கோவமில்லை," என்றாள். "நீங்கள் பூத்தட்டோடை சிரிக்கிறியள். நான் அதைப் பாத்திட்டு நிம்மதியா நித்திரை கொண்டனான். அந்த நேரம் நீங்கள் தண்ணி எடுத்துத்தரக்கூட ஆளில்லாமல் கிடந்திருக்கிறியள்."

"வாறன், பிள்ளை," என்றேன்.

துடக்குக் கழிந்து, கால் தரையில் ஊன்றத் தொடங்கியதும், விசாப் படம் எடுக்க ஓட்டோ பிடித்து நெல்லியடிக்குப் போனேன். படப்பிடிப்புக் கடையில் கமராவுக்குப் பின்னால் நின்ற அம்மையார் என்னை வெள்ளைத் திரைக்கு முன்னால் இருத்தினார். தோளை நிமிர்த்தச் சொன்னார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"ஐயா, அந்தத் திருநீறை ஒருக்கால் துடைச்சு விடுங்கோ. வெறும் முகமா இருந்தாத்தான் நல்லது. போன மாசம் ஒராளின்ரை படத்தைத் திருப்பி அனுப்பியிட்டினம்."

"நான் வெறும் முகத்தோடை இருக்கிற ஆள் இல்லைத் தங்கச்சி."

"ஒரு நிமிசம்தானே ஐயா. எடுத்து முடியப் பூசுங்கோ."

"மகளுக்குப் பொய்ப்படம் அனுப்பினது காணும். அரசாங்கத்துக்கும் ஒண்டு அனுப்ப ஏலாது."

"அப்ப விசா கிடையாமல் போனா?"

என் குரலில் மகிழ்ச்சி தெரியாதபடி, இயன்றவரை பணிவாக, அதை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு, கண்ணிமைக்காமல் கமராவை நேரே பார்த்தேன்.