வேப்பெண்ணெய் நெடி

மொட்டை மாடி ரோஜாக்களுக்கு நான் வேப்பெண்ணெய் தெளிப்பது நாற்றமடிக்கிறதாம், தொட்டிகளை அகற்றச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் தந்திருக்கிறது. நோட்டீஸ் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். இதில் தேதியில்லை, கையொப்பமில்லை, ஆகவே செல்லாது, இன்றும் தெளித்தேன். அந்தக் கசப்பு நெடி, இந்தக் கட்டடம் வருமுன் இதே மண்ணில் இருந்த, சிறுவயதில் நான் சுற்றித் திரிந்த சாயப்பட்டறைத் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பட்டறைக்கார பாயின் மனைவி நூரம்மா, பட்டு நூலின் பசை போக வேகவைத்து மிஞ்சிய சோப்புத் தண்ணீரை ஆறவிட்டு, நிறைய நீர் சேர்த்து, வேப்பெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பால்போல வெளுக்கும்வரை அடித்து, வெயில் சாய்ந்தபின் ஒவ்வொரு ரோஜா இலையையும் திருப்பி, அசுவினிப் பூச்சி ஒளியும் அடிப்புறத்தில் தெளிப்பார்.

ஒருநாள், இலவச நாற்று வழங்கும் அதிகாரி பூச்சிமருந்துப் பொடியோடு வந்தார்.

"இதைத் தூவலன்னா அடுத்த வருஷம் நாத்து கெடையாதும்மா."

"பூவ மூக்குல வெச்சி மோந்து பாப்பாங்க சார். விஷத்த தூவின பூவ உங்க வூட்டம்மாவுக்கு வாங்கினு போவீங்களா?"

"ரூல் அப்படித்தான் இருக்குது."

"அப்ப நாத்த ரூலுக்கே குடுத்துடுங்க. எங்கிட்ட கத்திரிக்கோல் இருக்குது."

நாற்று வரவில்லை. நூரம்மா இருந்த செடிகளிலிருந்தே குச்சிகளை வெட்டி வெட்டி நட்டார். மறு வருஷம் அதிகாரி எட்டிப் பார்த்தபோது, அவர் கால் வைக்கத் தோட்டத்தில் இடமில்லை.