டெய்லர் சேர்த்த இரண்டு சொற்கள்

ஆளை நேராக நிற்கச் சொல்லவே மாட்டார் டெய்லர். முழங்கால் போட்டு உட்கார்ந்து, உதட்டோரம் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே, "எப்பவும் எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க சார். வயித்த உள்ள இழுத்து யாரை ஏமாத்தப் போறீங்க, பேண்ட்டையா?" என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் வயிறு தன் உண்மையான அளவுக்கு வந்துவிடும். அந்த நொடியில் நீலச் சாக்பீஸால் கோடு விழும்.

புதுத் துணி அவர் தைப்பதில்லை. கடையில் வாங்கிவந்த உடுப்பை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்து, மடித்து, குறைத்து, கூட்டித் தருவது ஒன்றுதான் தொழில். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடுக்கில் அவர் கடை. "கம்பெனிக்காரன் யாரோ ஒருத்தனை மனசுல வெச்சுத் தெச்சிருக்கான். அந்த ஒருத்தன் இன்னும் பொறக்கவே இல்ல. அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கு" என்பார்.

கோபம் சட்டென்று வரும். கண்ணீர் அதைவிடச் சீக்கிரம் வரும். யாராவது கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் போதும், "தூசி விழுந்திருச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அழுகிற நாளில் தையல் நன்றாக இருக்கும் என்று மகள் கேலி செய்வாள்.

வாரத்தில் ஒரு மாலை மட்டும் கடையைச் சீக்கிரம் அடைத்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் வேத வாசிப்பு. புத்தகம் மாமனார் கொடுத்தது. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாக வாசித்துப் போக வேண்டும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இஷ்டப்பட்ட இடத்தைப் பிரித்து வாசிக்கக் கூடாது என்பது மாமனார் காலத்திலிருந்து வரும் முறை. டெய்லர் வாசிப்பார். மனைவி, மகள், மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். கண்டக்டர் சில சமயம் கண்ணை மூடியதோடு நிறுத்திக்கொள்ளாமல் குறட்டையும் விடுவார். "ஸ்டாப்பிங் வந்தா எழுப்புங்கப்பா" என்பது அவருடைய வழக்கமான வேண்டுதல்.

வரிசை மாறாது. ஆனால் வரிகள் மாறும். அதுதான் டெய்லருடைய கைவண்ணம்.

'விடியும் முன்னே எழு' என்று புத்தகத்தில் இருக்கும். 'முடிந்தவர்கள் விடியும் முன்னே எழட்டும்' என்று வாசிப்பார். பிறரைப் பற்றிப் புறம் பேசாதே என்கிற பக்கம் வந்தால் குரல் இரயில் பிடிக்கப் போவதுபோல ஓடும். கிடைத்ததை மகிழ்ந்து உண் என்கிற வரியில் மட்டும் நின்று, நிதானித்து, இரண்டு தடவை வாசிப்பார். பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இருக்கும்.

மகளுக்கு இது தெரியும். "அப்பா, அந்த வரி போன தடவை வேற மாதிரி இருந்துச்சே?"

"அர்த்தம் மாறலல்ல? கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, லூஸ் பண்ணேன்."

"வேதத்துக்கும் ட்ரையல் பாத்துத்தான் அனுப்புவீங்களா?" என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

இதையெல்லாம் வீடு சிரித்துக் கடந்துவிடும். ஒரே ஓர் இடம் மட்டும் சிரிப்புக்கு அடங்காதது. அந்தப் பக்கம் வரும்போது மனைவியின் முகம் கல்லாகிவிடும்.

'உன்னை விட்டுப் போனவன் உன் வாசலுக்கு வந்தால், காரணம் கேட்காதே. உள்ளே அழை. போகாதவனைப் போல அவனை நடத்து.' புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான். டெய்லர் வாசிப்பது இப்படி: 'உன்னை விட்டுப் போனவன் உன் வாசலுக்கு வந்து, மன்னிப்புக் கேட்டால், உள்ளே அழை.'

இரண்டே சொற்கள் கூட. இரண்டு வாக்கியம் குறைவு. தையல் வெளியே தெரியாது.

போனவன் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. அரைக்கால் சட்டை போட்ட வயதில் கடைக்கு வந்தவன். ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து கோட்டின் தோளை இறக்குவது வரை டெய்லர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். பெற்ற பிள்ளைக்கு மேலே பார்த்துக்கொண்டார். "எனக்கப்புறம் மாப்ளதான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷம். கல்யாண சீசன், கடை முழுக்கத் துணி மலை. ஒரு காலையில் அவன் வரவில்லை. கடைச் சாவி கண்டக்டர் கையில் வந்தது. பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டானாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார் என்று பயந்திருப்பான். அது டெய்லருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வலி கூட.

அதற்குப் பிறகு ஒரு தடவை கடைக்கு வந்து நின்றான். "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றான். தலை நிமிரவில்லை டெய்லர். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தார். ஊசிக்குக் கீழே துணிகூட இல்லை. வெறும் மிஷின் ஓடியது. அவன் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இரவு சோற்றில் கைவைக்காமல் எழுந்தவர், அடுத்த முறை அந்தப் பக்கம் வந்தபோதுதான் அந்த இரண்டு சொற்களைச் சேர்த்தார்.

போன மாதம் மனைவி சொன்னாள்: "என்னங்க, தம்பிக்குக் கம்பெனியில மாத்தல் வந்துடுச்சு. கடல் தாண்டிப் போறான், குடும்பத்தோட. இனிமே எப்போ வருவானோ. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போறேன்னான். நம்ம வாசிப்பு அன்னைக்கு வரச் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காம?"

"கேட்டா வேணாம்பீங்க."

டெய்லர் புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். வரிசைப்படி போனால் அவன் வரும் மாலையில் சரியாக அந்தப் பக்கம்தான்.

அதற்கு முந்தின வாசிப்பில் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். வழக்கத்தைவிட வேகமாக, மூச்சுவிடாமல் வாசித்தார். அந்தப் பக்கத்தையும் அன்றைக்கே தாண்டிவிட்டால் தீர்ந்தது. இன்னும் ஒரு தாள்தான் பாக்கி, கண்டக்டர் விழித்துக்கொண்டார். "யோவ், இது பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸா? இறக்கி விடுய்யா, பசிக்குது." எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மனைவி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மகள் உள்ளே போகும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அவன் எங்கப்பா மடியில உக்காந்து இந்தப் புத்தகத்தைக் கேட்டு வளந்தவன். நீங்க சேக்குறது அவனுக்குத் தெரிஞ்சிடும். அவன் மேல கோவமா? நேராத் திட்டுங்க. மன்னிப்புக் கேளுடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா உங்க கோவத்தை கடவுள் வாயில வெச்சுச் சொல்லாதீங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் கப்பல் ஏறும்போது, கடவுளே என்னைத் துரத்திட்டாருன்னு நெனச்சுட்டுப் போகக் கூடாது."

டெய்லருக்குக் கோபம் வந்தது. "எனக்கு மட்டும் வலிக்காதா?" என்றார்.

"வலிக்கும். வலிக்குதுன்னு சொல்லுங்க. அது உங்க வரி. அதை உங்க வரியாவே சொல்லுங்க."

மறுநாள் கடையில் கை ஓடவில்லை. மதியம் ஒரு பெண்மணி வந்தார். வங்கியில் வேலை. பையிலிருந்து ஆண்கள் போடும் பழைய கோட்டு ஒன்றை எடுத்தார். போன வருடம் இறந்த அப்பாவுடையதாம். "எனக்குப் பொருந்துற மாதிரி பண்ணித் தாங்க."

டெய்லர் அவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தோள் தொங்கியது. கை விரல்களைத் தாண்டியது. சாக்பீஸால் மளமளவென்று கோடுகள் போட்டார். "தோள்ல இவ்ளோ எடுத்துடலாம். இடுப்புல பிடிச்சுடலாம். கை பாதி போயிடும். புதுசு மாதிரி ஆயிடும்மா."

அந்தப் பெண்மணி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொங்கிய கைகளை மெல்லச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

"வேணாங்க. இவ்ளோத்தையும் வெட்டிட்டா என் கோட்டாத்தான் இருக்கும், அப்பாவோடதா இருக்காது. பெருசாவே இருக்கட்டும். நான் மடிச்சுப் போட்டுக்கிறேன்."

"சரியாப் போச்சு. எல்லாரும் இப்படிக் கெளம்பினா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தார் டெய்லர். ஆனால் பிரஷ்ஷை எடுத்து, தான் போட்ட நீலக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தானே தட்டிவிட்டார். கூலி என்ன என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, "தூசி விழுந்திருச்சும்மா" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மாலை வந்தது.

மச்சினன் தனியாகத்தான் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. விருந்தாளியைப் போலச் செருப்பை வெளியே படியிலேயே கழற்றிவிட்டு, கதவை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து போகத் தயாரானவனாக உட்கார்ந்தான். அக்கா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை. கண்டக்டர் மட்டும், "வாய்யா, அந்தச் சாவிய என்கிட்ட குடுத்துட்டுப் போனே பாரு, உங்க மாமா என்னைத் திட்டினது இன்னும் காதுல கேக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டெய்லர் வாசிக்கத் தொடங்கினார். முதல் தாள் போயிற்று. குரல் வழக்கம்போல இருந்தது. பக்கத்தைத் திருப்பினார்.

"உன்னை விட்டுப் போனவன் உன் வாசலுக்கு வந்து..."

நாக்கு பழக்கத்தில் 'வந்து' என்றே சொல்லிவிட்டது. மிச்சம் தொண்டையில் தயாராக நின்றது. அந்த இரண்டு சொற்களை இத்தனை தடவை சொல்லிச் சொல்லி, அவை புத்தகத்திலேயே இருப்பது போலத்தான் ஆகியிருந்தது. மச்சினன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். அடி விழப்போவது தெரிந்தவன் தோளைக் குறுக்குவது போல. அந்த 'வந்து'விலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மனைவி கண்ணைத் திறந்து கணவரை மட்டும் பார்த்தாள். கெஞ்சவில்லை, சும்மா பார்த்தாள்.

டெய்லர் புத்தகத்தைக் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டார். வரியை மறுபடி தொடக்கத்திலிருந்து, எழுத்துக்கூட்டும் குழந்தை போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"உன்னை விட்டுப் போனவன்... உன் வாசலுக்கு வந்தால்... காரணம் கேட்காதே." நிறுத்தினார். மூச்சை இழுத்தார். "உள்ளே அழை. போகாதவனைப் போல அவனை நடத்து."

கடைசிச் சொல் பாதியில் உடைந்தது. மகள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து கேட்காத வரி அது.

தண்ணீர் டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "மாமா, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினான் மச்சினன். "மாமா, அன்னைக்கு ஏன்னா..."

"டேய்" என்றார் டெய்லர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "காரணம் கேக்கக் கூடாதுன்னு இப்பத்தானடா உசுரைக் குடுத்து வாசிச்சேன்? நீயா சொல்ல ஆரம்பிச்சா நான் என்ன பண்றது?" புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு வலிச்சுது மாப்ள. ரொம்ப வலிச்சுது. இது வேதத்துல இல்ல. இது நான் சொல்றது."

மச்சினன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அக்கா எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். கண்டக்டர் இமை திறக்காமல், "ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றார். அவர் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.

டெய்லர் புத்தகத்தை மகளிடம் நீட்டி, "மிச்சத்தை நீ வாசிம்மா. இருக்கிறபடியே வாசி" என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் கதவைத் தாண்டி வெளியே போனார். படியில் கிடந்த மச்சினனின் செருப்பை இரண்டு கைகளாலும் எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வீட்டுக்காரர்களின் செருப்புகள் வரிசையாக இருக்கும் மூலையில் தன்னுடையதைச் சற்றுத் தள்ளி, பக்கத்தில் அதை வைத்தார்.