சாரலை மறைத்த படம்

பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். ஓவிய இயக்கங்களும் சமூகப் புரட்சிகளும் மேற்கத்தியப் பண்பாட்டை எப்படி மாற்றின என்று ஏதோ பாடம். அவள் பாரிஸ், பாரிஸ் என்று சத்தமாக வாசிக்க வாசிக்க எனக்கு நல்லெண்ணெய் வாசனை அடிக்கிறது. பாரிஸ் என்றால் மற்றவர்களுக்கெல்லாம் சென்ட் வாசனை வருமாம். எனக்குக் குற்றாலத்து எண்ணெய்தான். கூடவே வயிறும் எரிகிறது. அல்சர் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன தெரியும்?

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் டிராயிங் மாஸ்டர். மாம்பழமும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். பக்கத்து நாற்காலியில் சரித்திர வாத்தியார். பிரெஞ்சுப் புரட்சியைப் போன வாரம் பக்கத்து ஊர் மேலகரத்தில் நடந்தது மாதிரி சொல்வார்.

"ராஜா தலை போச்சு, அதோட முடிஞ்சுதுன்னா நெனச்சீரு? படத்துல யாரு நிக்கணும்ங்கதும் மாறிட்டுல்லா வே!"

ராஜாவும் தளபதியும் நின்ற இடத்துக்குக் கல்லுடைக்கிறவனும் துணி வெளுக்கிறவளும் வந்துவிட்டார்களாம். பாரிஸில் பெரிய கண்காட்சிக்காரர்கள் அந்தப் படங்களைத் தள்ளிவிட்டபோது, வரைந்தவர்கள் வெளியே கொட்டகை போட்டுத் தாங்களே மாட்டினார்களாம். அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறை முழுக்கச் சுடலையை வரைந்தேன். குற்றாலத்துப் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஆளுயரத்துக்கு, ஜமீன்தார் படம்போல நேர்ப்பார்வையாக, வாட்டர் கலரில். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு முகம் எனக்குக் கைகூடவில்லை.

குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு ஓவியக் கண்காட்சி நடத்திய மன்றத்துக்குச் செயலாளர் ஒரு பண்ணையார். அவருடைய படம் நடுச்சுவரில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு தொங்கும். தொந்தியே இல்லாத படம். வரைந்தவன் பிழைக்கத் தெரிந்தவன்.

"எண்ணெ தேய்க்கவன் என் பக்கத்துல நிப்பானா வே? நல்லாருக்கே நாயம்!" என்றாலும் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

திறப்பு விழாவன்று போய்த் தேடினேன். கண்ணாடி உடைந்த ஜன்னலில், சாரல் உள்ளே அடிக்காமலிருக்க, ஆணியடித்து வைத்திருந்தார்கள். சுடலையின் முகம் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பாவி! அந்தப் பண்ணையாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பழிக்குப் பழி வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன், அதுவும் பாரிஸ்காரன் வழியிலேயே. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டால் மிராசுதாரும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே கோலம்தான். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கடைத்தெரு வழியாக அருவிக்கு நடக்க வேண்டும். பண்ணையாரை அந்தக் கோலத்தில் வரைந்தேன். தொந்தி, முதுகு மயிர், காது மடலில் மரு, ஒன்றையும் விடவில்லை. இந்தத் தடவை ஆயில் பெயின்ட்! எந்தச் சாரல் வந்து என்ன செய்யும்?

சுடலை உட்காருகிற இடத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டி மாட்டினோம்.

"சார்வாள், அவாள் பாத்துட்டா?"

"பாக்கணும்னுதானே மாட்டுதேன்!"

சீசனுக்கு வந்த கூட்டம் நின்று சிரித்துவிட்டுப் போனது. கடைசியில் பண்ணையாரும் வந்தார். குடைக்கு அடியிலிருந்து உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏலே சுடலை, யாருலே இந்தத் தொந்திக்காரன்? வாத்தியார் அவன் மானத்தை வாங்கிட்டாருல்லா!"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் தம்மைப் பார்த்ததெல்லாம் ஜரிகை போட்ட அந்தப் படத்தில்தான் போலிருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். சுடலை எண்ணெய்க் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார்.

"வேண்டாம் சார்வாள். எனக்குப் பொழப்பு இங்கனதான்."

விழுங்கிக்கொண்டேன். பண்ணையார் சிரித்துக்கொண்டே அருவிக்குப் போனார்.

மன்றம் இருந்த இடத்தில் இன்று லாட்ஜ் நிற்கிறது. சரித்திர வாத்தியாரும் போய்விட்டார், சுடலையும் போய்விட்டார். இனி யார் பிழைப்பும் கெடப்போவதில்லை. "அது நீருதான் வே!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தலாம். கேட்க வேண்டிய ஆள்தான், கடைசிவரை தெரியாமலேயே, நிம்மதியாகச் செத்துத் தொலைந்தார்.