மூடுபனி சாட்சி சொன்ன ஸ்கூட்டர்

ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அனுப்பியவரை அழைத்து, "பார்த்தவங்க யாரு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது டீச்சரின் கேள்வி என்பது உறைத்தது. மாரடைப்பு. பார்த்தவர்கள் இருந்தார்கள்.

மலையகத்துக் கந்தப்பளையில் எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். அடுத்தடுத்த வகுப்பறைகளில் படிப்பித்தோம். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், எதையும் லேசில் நம்பாதவர். பஸ் வருகிறது என்று யாராவது சொன்னால் வளைவுவரை நடந்துபோய்ப் பார்ப்பார். "சந்தேகப்பட்டா மூஞ்சியத் தூக்கிக்கிறாங்க சேர். சந்தேகப்படாட்டி தலையில மொளகா அரைக்கிறாங்க" என்று என்னிடம் சொல்வார்.

பெற்றோல் வரிசைகளின் காலத்தில் பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். குடியிருந்தது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கொழுந்து பறித்த அம்மாவுக்குக் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவில். அம்மா போன பிறகும் அங்கேயே இருந்தார். லயம் முழுவதற்கும் கூரை ஒன்றுதான். ஓர் ஆணி அடித்தாலும் பக்கத்துக் காம்பராவில் ஒழுகும். ஆகவே சோலார் பேனல்களைப் பின்பக்கத்துப் பீன்ஸ் பந்தலின்மேல் கட்டினார். களவு போகும் என்ற பயத்தில் எவரிடமும் சொல்லவில்லை. சுற்றிலும் கொடியை ஏறவிட்டார். எலி கடிக்காமல் வயரைப் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுப் புதைத்தார்.

ஒளித்ததே வினையானது.

மாலைகளில் லயத்துப் பல்புகள் மங்கத் தொடங்கின. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ராமையா வாசலில் வந்து நின்றார்.

"என்னா டீச்சர், நாங்க தண்ணி சுட வைக்கக் கேத்தல் போட்டா பல்பு அழுவுது. ஒங்க ஸ்கூட்டர் மட்டும் மேட்டுல பறக்குது?"

"அது சூரியன்ல ஓடுது தலைவரே."

"கந்தப்பளையிலயா? இந்தப் பனி மூட்டத்துல எங்களுக்குத் தெரியாம சூரியன் எப்ப வந்துச்சு?"

லயமே சிரித்தது.

பிறகு ஒரு பிற்பகல், லயம் முழுக்க மின்வெட்டு. டீச்சரின் ஜன்னலுக்குள் சார்ஜரின் பச்சை விளக்கு எரிவதை யாரோ பார்த்துவிட்டார்கள். டீச்சர் லயத்துக் கரண்டைத் திருடுகிறார் என்ற பேச்சு இனி அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. மின்வெட்டில் தேயிலை ஆலையின் ஜெனரேட்டர் ஓடும். டீச்சர் ஆலையிலிருந்தே கம்பி இழுத்துவிட்டார் என்றார்கள். மண்வெட்டியால் கிளறினார்கள். குழாய். குழாய்க்குள் வயர். டீச்சர் கொடியை விலக்கிப் பேனல்களைக் காட்டினார். "அது சும்மா கண்ணுக்கு வச்சிருக்கது" என்றார் ராமையா. காம்பராவைக் காலி செய்ய வேண்டி வரும் என்று தோட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார்.

அடுத்த நாள் ஆசிரியர் ஓய்வறையில் டீச்சர் என்னிடம் கேட்டார்.

"நீங்க என்னைய நம்புறீங்களா சேர்?"

"நம்புறேன் டீச்சர்."

"ஏன்? நீங்கதான் பார்க்கவே இல்லையே."



அந்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும், பேனல்களை அவிழ்த்துப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோனார். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் வெளி அது. பக்கத்தில் ஒரு மின்கம்பம்கூட இல்லை. ஒரு முனையை நான் தூக்கினேன். ஸ்கூட்டரை நடுவில் நிறுத்தி, வயரைப் புல்லின்மேல் எல்லோரும் பார்க்கப் போட்டார். சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. ராமையா குனிந்து பேனலின் அடியைத் தடவினார்.

"பெட்டரி கிட்டரி ஒட்டி வச்சிருக்கீங்களா?"

"நல்லாப் பாருங்க. நானா இருந்தா கழட்டியே பார்ப்பேன்."

அப்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. களம் வெளுத்தது. விளக்கு அணைந்தது.

"டீச்சரோட கூட்டாளி எங்கயோ சுவிட்ச நிப்பாட்டிட்டான் போல" என்றது ஒரு குரல். சிரிப்பு. பனி விலகியது. விளக்கு வந்தது. மறுபடியும் பனி. மறுபடியும் அணைந்தது.

சனம் ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பார்க்கத் தொடங்கியது. "வருது, வருது!" விளக்கு அணையும். "போவுது!" விளக்கு எரியும். அந்த மலையில் மூடுபனிக்காக அத்தனை பேர் காத்து நின்றதை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

ராமையா நிமிர்ந்தார். "இந்தப் பனிக்கு அடங்குற கரண்டு தோட்டத்துக் கரண்டு இல்ல. ஆபீஸ்ல நானே சொல்றேன்." இரண்டடி நடந்தவர் திரும்பினார். "அப்ப பல்பு மங்குறது யாரால?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இத மொதல்லயே கேட்டிருக்கணும் தலைவரே" என்றார் டீச்சர்.

காம்பரா அவரிடமே இருந்தது. பேனல்கள் பந்தலுக்குத் திரும்பின. இப்போது கொடி மறைக்கவில்லை. ஆனால் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் லயத்து வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்கூட்டர் உள்ளே சார்ஜில் இருந்தது. கடைசியாகச் செருகியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

களத்தில் பார்த்தது களத்தோடு. வீட்டில் அந்த வயர் எங்கே போகிறது என்று நான் பார்த்ததில்லை. எழுந்து, குழாய் போன வழியே பின்பக்கம் போனேன். பந்தலடியில் வயர் வெளியே வந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தேன். பேனலில்தான் போய் முடிந்தது.

ராமையா பின்னால் நின்றார். "நீங்களுமா சேர்? இன்னைக்குமா?"

டீச்சர் கோபித்திருக்க மாட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சுவது இதுதான்: நம்புவதற்கு முன் எழுந்துபோய்ப் பார்ப்பது.

அந்த ஸ்கூட்டர் சூரியனில்தான் ஓடியது. பார்த்தவன் நான்.