மத்தியானம் விழாத கதவு

உள்ளேயிருந்து வெளியே பேச முடிகிறது. வெளியேயிருந்து அழைத்தால் மட்டும் வருவதில்லை. கணினி வழியாகப் பேசும் தன் போனைப் பற்றி என் மகள் அண்மையில் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டாள். வீட்டுக்கு ஒரே முகவரி, அதன் பின்னால் பல கருவிகள், வருகிற அழைப்பை யாரிடம் தள்ளுவது என்று நடுவிலுள்ள பெட்டிக்குத் தெரியவில்லை என்று எனக்கு விளக்கவும் செய்தாள். விளக்க வேண்டிய அவசியமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அதே பழுதைப் பார்க்க நான் பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

அப்போது ஈப்போவில் தொலைபேசி பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். சிலிபினில் வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், அரசாங்கச் சம்பளம். அந்த வயதில் இவை போதும், ஆள் தரையில் நடக்க மாட்டான். அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைப் பாதிக்கு மேல் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் ஒரு மரப்பெட்டி இருந்தது. முந்தைய வருடக் கடைசியில் அதைப் பொருத்தியவனே நான்தான். வெளியுலகத்துக்கு ஒரே நம்பர்; உள்ளே மானேஜர் துரையின் பங்களா, தொழிற்கூடம், மருந்தகம் என்று எட்டு போன்கள். பெட்டியின் முகப்பில் ஒவ்வொரு லைனுக்கும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகரக் கதவு. அழைப்பு வந்தால் அந்தக் கதவு கீழே விழும், விழுந்தால்தான் மணியும் அடிக்கும். பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் வேண்டுமென்று கேட்டு, வயரை எடுத்துச் சரியான துளையில் செருகுவார்.

உட்கார்ந்திருந்தது லயத்துப் பெண், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். இருபது வயதிருக்கும். அப்பா இல்லை, அம்மா புல்வெட்டும் கும்பலில் வேலை. லயத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். அதைப் பெருமையாகச் சொன்னாரா குறையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

புகார் இதுதான். கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து துரைக்குப் போன் அடிக்கிறார்கள். அவர்கள் காதில் மணி போய்க்கொண்டே இருக்கிறது, இங்கே யாரும் எடுப்பதில்லை. இங்கிருந்து அடித்தால் உடனே கிடைக்கிறது. அப்படியானால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, பெண் தூங்குகிறாள் என்பது துரையின் முடிவு. வெள்ளைக்காரர்கள் போய் உள்ளூர்க்காரர் வந்திருந்தார், ஆனாலும் துரை துரைதான். பழுது பெட்டியில் இல்லையென்றால் அவளைத் திரும்பப் புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று என் முன்னாலேயே அவளிடம் சொன்னார்.

காலை ஒன்பது மணி. முதல் நாள் இரவெல்லாம் மழை. நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து வயர்களையும் பேட்டரியையும் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, திருப்பி அடிக்கச் சொன்னேன். கதவு விழுந்தது, மணி அடித்தது.

"மத்தியானம் வரைக்கும் இருந்து பாருங்கண்ணே," என்றாள் அவள். "காலையில எல்லாம் நல்லாத்தான் வருது. மத்தியானந்தான் வர மாட்டேங்குது."

"மெசினுக்கு என்னம்மா தெரியும், காலையா மத்தியானமான்னு?" என்றேன்.

கிராணி சிரித்தார். எனக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டியிருந்தது. பத்து காஜாவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் மீன்தலைக் கறி பன்னிரண்டு மணிக்குமேல் கிடைக்காது என்பதும் மனதில் இருந்தது, மறைப்பானேன். தாளில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அதே தோட்டத்திலிருந்து அதே புகார் வந்தது. நாற்காலியில் இப்போது கிராணியின் மச்சான். அவன் இரண்டு நாள் அழைப்பைத் தவறவிட்டதும், ஆளைச் சந்தேகப்படாமல் பெட்டியைச் சந்தேகப்பட்டார்கள். இதைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது.

இந்த முறை என்னோடு கூட்டாளி ஒருவரும் வந்தார். சீனர், புந்தோங்கில் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்தவர், என்னைவிடச் சத்தமாகத் தமிழ் பேசுவார். நாங்கள் போய்ச் சேர மணி இரண்டு ஆகிவிட்டது. மேற்குச் சன்னல் வழியாக வெயில் நேராகப் பெட்டியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து திருப்பி அடிக்கச் சொல்லிவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளி லைனின் கதவு லேசாகத் துடித்தது. விழவில்லை.

கூட்டாளி குனிந்து மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தார்.

"மச்சான், இது என்னா? எதுக்கு இதுல சோறு ஒட்டி வச்சிருக்காங்க?"

ஆயுத பூஜைப் பொட்டு. அந்தப் பெட்டிக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. தட்டெழுத்து மெசின், இரும்புப் பெட்டி, தராசு எல்லாவற்றுக்கும் வைத்தது போல இதற்கும் கிராணி தன் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறார். உள் லைன்களுக்குச் சின்னதாக. வெளி லைன்தானே பெரியது, அதற்கு முதல் மரியாதை என்று கதவின் விளிம்பில் அப்பிவிட்டார். சர்க்கரைப் பொங்கல் பரிமாறிய விரலோடு சந்தனத்தைத் தொட்டிருக்கிறார் போலும், உடைந்த பருக்கை ஒன்றும் அதில் இருந்தது. ஈரக் காற்று அடிக்கும் காலையில் வெல்லம் இளகும், கதவு விழும். வெயில் பட்டதும் இறுகிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். அவள் தினமும் பெட்டியைத் துடைத்திருக்கிறாள், பொட்டை மட்டும் தொடாமல். சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்?

முதல் தடவை நானும் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். எங்கள் டிப்போவில் என் மீட்டர் பெட்டிக்கும் அதே வாரம் பொட்டு வைத்திருந்தேன். நெற்றியில் பொட்டு வைத்த ஆளைப் பார்த்து முகத்தில் என்ன அழுக்கு என்று கேட்போமா? அப்படித்தான் என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. கூட்டாளி ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டினார், ஒரு துணியை நனைத்துத் துடைத்தார். அவ்வளவுதான் பழுது.

"சாமி காரியத்துல போய் இப்படி ஆயிருச்சே," என்றார் கிராணி. துரை விழுந்து விழுந்து சிரித்தார். "சரிலா, அந்தப் பொண்ண வரச் சொல்லு," என்றார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது.

நானே போய்ச் சொல்வதுதான் முறை என்று பட்டது. அவளைச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே கண்டுபிடித்தேன். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் புல்வெட்டும் கத்தி. அவள் அம்மா நாலு வரிசை தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பொட்டு என்றதும் அவளுக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அன்னைக்கு எத்தன வாட்டி அடிச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வாட்டி."

அவள் தலையாட்டினாள். பிறகு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு நீங்க எழுதிக் குடுத்த தாளத்தான் தொர படிச்சாருண்ணே. தூங்குறவளுக்கு எதுக்கு நாற்காலின்னாரு. எங்கம்மாவும் நின்னாங்க. இப்ப லயத்துல நான் தூங்குனேன்னுகூடப் பேசல, போன்ல எவன்கிட்டயோ பேசிக்கிட்டு இருந்தேன்னு பேசுறாங்க."

"தொரதான் வரச் சொல்லிட்டாரேம்மா."

"அவரு இரக்கப்பட்டுக் கூப்பிட்டாருன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்குப் பெரட்டுக்கு நீங்க வாங்க. பெட்டியிலதான் பழுது, நாந்தான் சரியாப் பாக்கலன்னு அங்க சொல்லுங்க. அப்பத்தான் நான் போய் உக்காருவேன்."

பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். மணி ஐந்தரை. தோட்டத்தில் வேலை செய்யும் அத்தனை பேரும் இருப்பார்கள்.

"கண்டிப்பா வாரேன்," என்றேன். சொல்லும்போது உண்மையாகவே சொன்னேன்.

மறுநாள் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மழை இல்லை. மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன்: நான் அரசாங்க வேலைக்காரன், புதுத் தாளில் பழுதை எழுதிக் கொடுத்தாயிற்று, ஒரு தோட்டத்துப் பெரட்டில் போய் நின்று பேச வேண்டுமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதெல்லாம் சாக்கு. லயத்துச் சனங்கள் முன்னால், தப்பு என் பேரில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தானே அவளை நான் நிறுத்தியிருந்தேன் என்பது அப்போதும் தெரிந்தே இருந்தது. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அவள் நாற்காலிக்குத் திரும்பவில்லை. கிராணியின் மச்சானே அதில் நிலைத்துவிட்டான்.

ஓரிரு மாதம் கழித்து, மருந்தகத்து வயர் அறுந்துவிட்டதென்று சொல்லக் கிராணி டிப்போவுக்குப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாக அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. தொரயே கூப்பிட்டும் வரலலா. அடுத்த நாள் பெரட்டுல ஒரு கூத்து. பேர் கூப்பிடுற தண்டல்கிட்ட கெஞ்சிப் பத்து நிமிசம் எல்லாரையும் நிறுத்தி வச்சுச்சு. ஒருத்தர் வருவாரு, வருவாருன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. யாரும்மான்னு கேட்டோம். கடைசி வரைக்கும் பேரச் சொல்லல."

அறுந்தது உள் வயரா, கம்பத்து வயரா என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.