அண்ணன் குடித்த இரண்டு மருந்து

என் அண்ணன் பாரிஸில் டைல்ஸ் பதித்துப் பிழைத்து, பிறகு லண்டன் வந்தவர். டூட்டிங்கில் அவரும் அண்ணியும் இருந்த வீட்டின் மேல் அறையில் நான் இருந்தேன். அவருக்கு நீரிழிவு எனும் சீனி வருத்தம் வந்தபோது ஜீபி டாக்டர் இரத்தம் சோதித்து, கணினியைப் பார்த்தபடியே குளிசை எழுதினார். சீனி அளவு ஏறியதும் இன்னொன்றைச் சேர்த்தார். வயிறு பிரட்டுகிறது என்று அண்ணன் வீட்டில் கத்துவாரே தவிர, டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார்.

யாரோ சொல்லி ஒரு சீன வைத்தியரிடம் போனார். நானும் கூடப் போனேன். வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு கைகளிலும் நாடி பார்த்தார். உறக்கம், வியர்வை, கோபம் எல்லாம் விசாரித்தார். கசாயம் வைக்க வேரும் பட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, டாக்டரின் மருந்தை நிறுத்தாதே, இதைக் குடிப்பதை அவருக்குச் சொல் என்றார். அண்ணன் தலையாட்டினார். டாக்டருக்குச் சொல்லவில்லை.

"இவர்தான் என்னை மனுசனாப் பாத்தவர்," என்றார் வழியில்.

சீனி இறங்கத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஆசை கூடிவிட்டது. சோற்றை விட்டார், கசாயத்தைக் கூட்டினார், குளிசையையும் விழுங்கினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினியில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இறைச்சியை விட்டுவிட்டு வெறும் பலகையைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கத்தியை வையுங்கோ. கொஞ்சம் இருங்கோ."

திரும்பினார். அந்தக் கண்களுக்கு என்னைத் தெரியவில்லை.

"ஆரடா நீ? என்ர வீட்டுக்குள்ள ஆரடா நீ?"

கத்தி என் காதருகே போய்க் கதவு நிலையில் ஏறியது. அதை இழுத்தெடுக்குமுன் அவர்மேல் பாய்ந்தேன். அடுப்போடு மோதி விழுந்தோம். கொதித்த கசாயம் என் முதுகில் ஊற்றியது. அவர் கையால் குத்தியதில் என் பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. பிறகு கழுத்தை நெரித்தார்.

"சீனி இறங்கிட்டுது! விட்டிடாதையுங்கோ, பிடியுங்கோ!" என்று வாசலில் நின்று அண்ணி கத்தினார்.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டு அண்ணி தேனோடு ஓடிவந்தார். நான் கைகளை அமுக்க, அவர் தேனை அண்ணனின் கன்னத்தின் உட்புறம் தேய்த்தார். அண்ணன் அவர் விரலைக் கடித்தார். இரத்தம் வழிந்தும் அண்ணி கையை எடுக்கவில்லை.

அம்புலன்ஸ்காரர் ஊசி போட்ட பிறகுதான் அண்ணனுக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்தார்.

"தம்பி, வாயெல்லாம் இரத்தம். ஆரடா அடிச்சது? சொல்லு, அவனை வெட்டுறன்."

"நீங்கள்தான் அண்ணை."

நம்பவில்லை. அண்ணி விரலை நீட்டினார். அதில் பதிந்திருந்த தன் பற்களைப் பார்த்ததும் குழந்தைபோல் அழுதார்.

பட்டினியும் இரண்டு மருந்தும் சேர்ந்து சீனியை இறக்கியிருக்கலாம், எது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அண்ணன் சீன வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் மேசையில் ஓங்கி அடித்து ஏசி, இனி உனக்கு மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார். ஜீபி டாக்டரிடம் வயிற்றுப் பிரட்டலைச் சொன்னதும், அவர் குளிசையை மாற்றிக் கொடுத்தார். இப்போது அது மட்டும்தான்; நேரத்துக்குச் சாப்பாடு.

இன்றும் அவர் குரல் உயர்ந்தால் அண்ணி முதலில் அவர் விரலைக் குத்தி இரத்தத்தில் சீனி அளவு பார்ப்பார். வெறும் கோபம்தான் என்று தெரிந்த பிறகே பதிலுக்குச் சண்டை பிடிப்பார்.