பாதி வீடு

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. கொள்ளுத்தாத்தா கட்டியது. மண்சுவர், தேக்கு விட்டம், நாட்டு ஓடு. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனாலும் கொல்லையில் கிணறு வெட்டியபோது கல்லுக்குள் சிப்பி கிடந்ததாம். ஒரு காலத்தில் இதெல்லாம் கடலாக இருந்தது என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பில் நான் மட்டும்தான் நம்பினேன்.

தாத்தா இறந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி எங்களுக்கு, மேற்குப் பாதி சித்தப்பாவுக்கு. நடுவில் ஒரே சுவர். சில வருஷம் கழித்து, பெரம்பலூரில் புது வீடு கட்டத் தொடங்கிய சித்தப்பா, தன் பாகத்து மரத்தையும் ஓடுகளையும் பிரித்தெடுக்க ஆள் கூட்டிவந்தார்.

அப்பா சண்டை போடவில்லை. "நடுச்சுவத்துல மட்டும் கை வைக்காத. அந்தப் பக்கம் மேல எதாச்சும் போட்டு வுடு. தண்ணி எறங்கிடும்" என்றார்.

"போட்டுத் தரேண்ணே."

புது வீட்டு வேலையில் சித்தப்பா மறந்துபோனார். தம்பியிடம் போய் இன்னொரு முறை கேட்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. சுவர்மேல் தானே நாலு கீற்றைச் சாத்தி வைத்தார்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை.

"தொட்டா செவுரு மாவா உதுருதுங்க" என்றாள் அம்மா.

"மழை வுடட்டும், பாப்போம்."

மறுநாள் மத்தியானம் அம்மா காய்ச்சலோடு அந்தச் சுவரோரம் படுத்திருந்தாள். நான் காலேஜிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வீட்டு வாசலில் கூட்டம். அப்பா இரண்டு கையாலும் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். யாரோ மண்வெட்டி நீட்டினார்கள். "அவ மேல பட்டுடும்" என்று வாங்க மறுத்துவிட்டார். வெளியே எடுத்தபோது அம்மாவுக்கு உயிர் இல்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். உள்ளே வராமல் மழையிலேயே நின்றார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தார்.

"நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அதுவே கடைசி.

மிஞ்சிய சமையலறையிலும் ஓர் அறையிலும் அப்பா தனியாக இருந்தார். திருச்சிக்கு என்னோடு வரச் சொன்னால், "வரேன், வரேன்" என்பார். வரவில்லை. அவர் இறந்த பிறகு அந்தக் கூரையும் இறங்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிறுத்துகிறார்கள்.

போன தையில் குரும்பலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் சித்தப்பா என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார். "சாப்புடுறா" என்றார்.

சாப்பிட்டேன்.